வயல் மண்ணும் சட்டமும்: யாரிடம், எப்போது, என்ன கேட்பது

தமிழ்நாட்டில் வயலின் மேல்மண்ணைக் காக்க என்றே எழுதப்பட்ட தனிச் சட்டம் கிடையாது. நில உபயோகத்துக்கு ஒரு சட்டம், கனிமத்துக்கு ஒன்று, நில எடுப்புக்கு ஒன்று, பத்திரப் பதிவுக்கு ஒன்று, இறால் பண்ணைக்கு ஒன்று எனப் பாதுகாப்பு பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு அலுவலகம், வேறு அதிகாரி. பொக்லைன் வயலில் இறங்கிய பிறகு விவசாயி கிராம நிர்வாக அலுவலரிடம் ஓடுகிறார். அவர் கனிமவளத் துறைக்குப் போகச் சொல்கிறார். அங்கே காவல் நிலையத்தில் புகார் கொடுக்கச் சொல்கிறார்கள். அதற்குள் ஒரு ஏக்கரில் ஓரடி மண் போயிருக்கும். கணக்குப் போட்டால் அது 1,230 கன மீட்டருக்கும் மேல். இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேல்மண் உருவாக ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகலாம் என்கிறது ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண் அமைப்பு. காவிரி டெல்டாவின் வண்டல் வெள்ளம் கொண்டுவந்து சேர்த்தது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் அந்த வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே போன மண்ணை ஆறு திருப்பித் தரும் என்று நம்பி இருக்க முடியாது.

அதனால்தான் இந்த அத்தியாயம் முழுவதும் காலக்கெடுவையும் பதிவேட்டையும் பற்றியே பேசுகிறது. உங்கள் வயல் எவ்வளவு செழிப்பானது என்பதை அதிகாரியோ நீதிபதியோ நேரில் வந்து கையால் அள்ளிப் பார்ப்பது அரிது. அவர்கள் முன்னால் இருப்பது காகிதம். அந்தக் காகிதம் உண்மையைச் சொல்ல வேண்டும், உரிய நாளுக்குள் உரிய மேசைக்குப் போக வேண்டும்.

அடங்கலில் இருந்து தொடங்குங்கள்

பட்டாவைப் பத்திரமாக வைத்திருக்கும் பலர் அடங்கலைப் பார்த்ததே இல்லை. பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அ-பதிவேடு அது நஞ்சையா புஞ்சையா, தீர்வை என்ன என்று சொல்லும். புல வரைபடம் எல்லையைக் காட்டும். அந்த நிலத்தில் இந்தப் போகம் என்ன பயிர் நின்றது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வது அடங்கல்தான். கிராமக் கணக்கு எண் 2 என்று வருவாய்த் துறையில் இதைக் குறிப்பிடுவார்கள். பசலி ஆண்டுக்கு ஒரு பதிவு. பசலி ஜூலை 1-ல் தொடங்கும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435.

பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அடங்கல் நகல் வாங்குகிறோம், காரியம் முடிந்ததும் மறந்துவிடுகிறோம். கடன் வாங்காத ஆண்டுகளில் என்ன பதிவாகியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நெல் விளைந்த வயலுக்குத் ‘தரிசு’ என்று தொடர்ந்து சில பசலி பதிவாகியிருந்தால், பின்னாளில் நில உபயோக மாற்றம் கேட்பவர் அந்த நகலைத்தான் முதல் சான்றாக வைப்பார். ‘பல ஆண்டாகச் சாகுபடி இல்லை, பாசனம் இல்லை’ என்ற ஒரு வரிக்கு எதிராக நீங்கள் வாய்மொழியாக என்ன சொன்னாலும் எடுபடாது. விதைத்த இருபது முப்பது நாளில் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு பசலிக்கும் நகல் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். பதிவு தவறாக இருந்தால் வட்டாட்சியருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். பசலி முடிவை ஒட்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி இதற்காகவே இருக்கும் இடம். கிராமக் கணக்குகளை அன்று தணிக்கை செய்கிறார்கள், மனுவையும் வாங்குகிறார்கள். முதியோர் உதவித்தொகை மனுக்களோடு அடங்கல் திருத்த மனுவும் அங்கே போக வேண்டும்.

கோப்பில் இன்னொன்றும் சேருங்கள்: மண்வள அட்டை. 2015-ல் தொடங்கிய திட்டத்தில் தரப்படும் இந்த அட்டையில் கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், சத்துகள் எல்லாம் சர்வே எண்ணோடு இருக்கின்றன. உரம் போட வழிகாட்ட வந்த அட்டைதான். பக்கத்தில் இறால் குட்டையோ தொழிற்சாலையோ வந்து மண் கெட்டுவிட்டது என்று வழக்காட நேர்ந்தால், கெடுவதற்கு முன் மண் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று சிறு விவசாயியிடம் வேறு இருக்காது.

பதிவேட்டின் வலிமையை உச்ச நீதிமன்றமே ஒத்துக்கொண்ட சந்தர்ப்பம் உண்டு. சென்னை - சேலம் எட்டுவழிச் சாலை வழக்கில் 2020 டிசம்பர் 8-ல் வந்த தீர்ப்பு விவசாயிகளுக்குப் பெரும்பாலும் சாதகமாக அமையவில்லை. நில எடுப்பு அறிவிக்கையை நீதிமன்றம் நிலைநிறுத்தியது. ஆனால் நிலம் சட்டப்படி அரசிடம் சேருமுன்பே வருவாய்ப் பதிவேடுகளில் பெயரை மாற்றியது செல்லாது, பழையபடி திருத்த வேண்டும் என்றது. நிலம் எடுக்கப்போவதாக அறிவிக்கை வந்த நாளிலிருந்தே உங்கள் பட்டாவையும் அ-பதிவேட்டையும் இணையத்தில் அவ்வப்போது சரிபாருங்கள்.

குத்தகைக்குப் பயிர் செய்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். டெல்டாவில் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் உழுபவர்கள் ஏராளம். 1969-ன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி உங்கள் பெயர் பதிவாகியிருந்தால்தான், நில உரிமையாளர் மண்ணை விற்கும்போதோ நிலம் கைமாறும்போதோ உங்கள் உரிமையை எளிதில் நிறுவ முடியும். பெயர் ஏறவில்லை என்றால் தலைமுறையாக உழுதவரும் வேலிக்கு வெளியே நிற்க நேரும்.

சூளைக்கும் சாலைக்கும் போகும் மண்

தரகர் வந்து சொல்வது ஊருக்கு ஊர் ஒன்றுதான்: “வயல் மேடா இருக்குண்ணே, தண்ணி ஏற மாட்டேங்குது. ஓரடி எடுத்துக்கறோம், சமனாவும் ஆகிடும், கையில காசும் வரும்.” அறுவடை முடிந்து கையில் பணமில்லாத மாதத்தில்தான் இந்தப் பேச்சு வரும். வயலில் ஓரடி போனால் அங்ககச் சத்து இருக்கும் அடுக்கு முழுவதும் போகிறது. அடுத்த வயலின் வரப்பு சரிகிறது, அவருடைய தண்ணீர் இந்தப் பள்ளத்துக்கு இறங்குகிறது. அவருக்கும் விற்பதைத் தவிர வழியில்லாமல் போகிறது. ஒருவர் விற்ற மண் ஒரு கண்ணாற்றையே பள்ளமாக்கிவிடும். கடன் நெருக்கடியில் விற்பவரைக் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள். ஊரில் எதிரி அவரல்ல. அவரையும் சேர்த்துக்கொண்டு பேசினால்தான் இது நிற்கும்.

சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. சாதாரணக் களிமண், கிராவல், நிரப்பு வேலைக்குப் போகும் சாதாரண மண் எல்லாம் சிறு கனிமங்கள். 1957-ன் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டமும், 1959-ன் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளும் இவற்றுக்குப் பொருந்தும். பட்டா நிலமே ஆனாலும் விற்பனைக்கு மண் வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்; வண்டி ஒவ்வொன்றிலும் நடைச்சீட்டு இருக்க வேண்டும். அனுமதியின்றி வெட்டினாலோ ஏற்றினாலோ வண்டியைப் பறிமுதல் செய்யலாம். ஐந்து ஆண்டு வரை சிறையும் எக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

வண்டி ஓடும்போது நீங்கள் செய்ய வேண்டியது தகராறு அல்ல. சாலையோரம் நின்று தேதி, நேரம், வண்டி எண், எந்தச் சர்வே எண்ணிலிருந்து எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் பக்கம் ஓர் ஆள் நிற்கும்படி படம் எடுங்கள், ஆழம் தெரிய வேண்டும். பிறகு ஒரே மனுவை மாவட்ட ஆட்சியர், புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் மாவட்ட உதவி இயக்குநர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், காவல் நிலையம் எல்லோருக்கும் சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். மனுவில் யாருக்கெல்லாம் நகல் போகிறது என்று கீழே எழுதுங்கள். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டும் பழக்கத்தை அந்த ஒரு வரி பெரிதும் குறைக்கிறது.

அனுமதி இருக்கிறது என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் அனுமதி ஆணையின் நகலையும், எத்தனை கன மீட்டருக்கு அனுமதி, எத்தனை நடைச்சீட்டு கொடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஒரு மீட்டர் ஆழம் என்று ஆணையில் இருந்து பள்ளம் மூன்று மீட்டர் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

நெடுஞ்சாலை, குழாய்ப்பாதை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுப்பதற்குச் சுற்றுச்சூழல் முன்அனுமதி வேண்டாம் என்று மத்திய அரசு 2020 மார்ச்சில் ஒரு விலக்கு கொடுத்தது. எவ்வளவு மண், எங்கிருந்து, எந்த ஆழம் என்ற எந்த வரம்பும் அதில் இல்லை. 2024 மார்ச் 21-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ‘ரோடு வேலைக்குத்தான், எவ்வளவு எடுத்தாலும் அனுமதி வேண்டாம்’ என்று பழைய கதையை யாராவது சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

செங்கல்லுக்கு வயல் மண்தான் வேண்டும் என்பதும் இல்லை. மேல்மண்ணைக் காப்பதையே ஒரு நோக்கமாகச் சொல்லி 1999-ல் சாம்பல் பயன்பாட்டு அறிவிக்கை வந்தது. நிலக்கரி அனல்மின் நிலையத்தைச் சுற்றியுள்ள சூளைகள் செங்கல்லில் உலர்சாம்பல் கலக்க வேண்டும் என்றார்கள். முதலில் 50 கிலோமீட்டர் சுற்றளவு. பிறகு 100, 2016-ல் 300 கிலோமீட்டராக விரிந்தது. உங்கள் ஊராட்சி கட்டும் கட்டடங்களில் சாம்பல் செங்கல்லைக் கேட்பது கிராம சபையின் கையிலேயே இருக்கும் காரியம்.

மண் வயலுக்குள் வரும் வழியும் ஒன்று இருக்கிறது, அதை விடாதீர்கள். ஏரி குளங்களின் வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுக்கலாம்: நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். 2024-லிருந்து வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று எளிதாக்கப்பட்டது. வண்டல் என்று எழுதி வாங்கிக் கரையோரச் சவுட்டையும் மணலையும் வெளியூருக்கு ஏற்றுவது பல இடங்களில் நடக்கிறது. அனுமதி பெற்றவர் பட்டியலை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். பெயர் இருக்கும் வயலில் வண்டல் கொட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

மனைப்பிரிவு

வயல் மனையாவது மூன்று படிகளில் நடக்கிறது: நில உபயோக மாற்றம், மனைப்பிரிவு ஒப்புதல், பத்திரப் பதிவு. முதல் படியில் தடுப்பது எளிது, மூன்றாவது படியில் ஏறக்குறைய முடியாது.

முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதிகளில் வேளாண் நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற, 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017-ல் வந்த விதிகளும் பொருந்தும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் கருத்தும் வேளாண் இணை இயக்குநரின் கருத்தும் கேட்கப்படும். உங்கள் மனு போய்ச் சேர வேண்டிய மேசைகள் இந்த இரண்டும்தான். ‘எங்கள் ஊர் வயலை மனையாக்காதீர்கள்’ என்று மட்டும் எழுதினால் பலன் குறைவு. இந்தச் சர்வே எண் வழியாக இந்த வாய்க்கால் போகிறது, கடைமடையில் இத்தனை ஏக்கர் இதை நம்பியிருக்கிறது, சென்ற பசலிகளில் அடங்கலில் நெல் இருக்கிறது என்று எழுதுங்கள். நகலை இணைத்து விடுங்கள். முழுமைத் திட்டம் வரும் நகரை ஒட்டிய ஊர் என்றால், வரைவுத் திட்டம் வெளியாகி ஆட்சேபணை கேட்கும் காலத்தைத் தவறவிடாதீர்கள். வரைபடத்தில் உங்கள் ஊர் குடியிருப்பு மண்டலமாக நிறம் மாறிவிட்டால் பிறகு ஒவ்வொரு வயலுக்கும் தனியாக மல்லுக்கட்ட வேண்டும்.

ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-ல் தடை விதித்தது நினைவிருக்கும். வயல்களில் கல் நட்டு விற்ற வேகம் அன்று நின்றது. அதன் பிறகு, ஒப்புதல் இல்லாத மனைகளின் பதிவைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் வழியும் திறக்கப்பட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு புதிதாக வயலில் கல் நட்டு, ஒப்புதல் இன்றி மனையாக விற்றால் சார்பதிவாளர் மறுக்க வேண்டும். சார்பதிவாளருக்குச் சர்வே எண்ணுடன் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிவையுங்கள்.

அரசே நிலம் கேட்கும்போது

2013-ன் நில எடுப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, பாசன வசதியுள்ள பலபோக நிலத்தை எடுக்கக் கூடாது என்கிறது. வேறு வழியே இல்லாத கடைசிக் கட்டத்தில் எடுத்தால், அதே அளவு தரிசைப் பண்படுத்தித் தர வேண்டும் அல்லது அதற்கான தொகையைக் கட்ட வேண்டும். மேடைகளில் இந்தப் பிரிவை நிறையப் பேர் மேற்கோள் காட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் அது பொருந்தாத இடங்களே அதிகம் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. சாலை, ரயில், கால்வாய், மின்பாதைக்கு அந்தப் பிரிவிலேயே விலக்கு. தொழிற்பேட்டைகளுக்குத் தமிழ்நாடு அரசு பயன்படுத்துவது 1997-ன் தனிச் சட்டம். அதையும் மாநில நெடுஞ்சாலைச் சட்டத்தையும் 2013 சட்டத்திலிருந்து விலக்கும் 105-ஏ பிரிவை உயர் நீதிமன்றம் 2019-ல் ரத்து செய்தது. மாநில அரசு அதே ஆண்டில் மீட்புச் சட்டம் கொண்டுவந்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது.

இதனால் என்ன செய்ய வேண்டும்? நோட்டீஸ் வந்ததும் முதலில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வந்திருக்கிறது என்று பாருங்கள். 1997 சட்டத்தில் காரணம் கேட்டு வரும் முதல் நோட்டீஸுக்குக் குறிப்பிட்ட நாளுக்குள் நீங்கள் கொடுக்கும் எழுத்துபூர்வ ஆட்சேபணைதான் பின்னாளில் நீதிமன்றம் தேடும் ஆவணம். ஊர்வலம் போன நாளில் பலர் அதைக் கொடுக்கத் தவறுகிறார்கள். போராட்டமும் வேண்டும், ஆட்சேபணைத் தாளை அதற்கு முதல் நாளே கொடுத்துவிட வேண்டும்.

100 எக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு 2023-ன் நில ஒருங்கிணைப்புச் சட்டம் இப்போது வந்திருக்கிறது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. திட்டப் பகுதிக்குள் இருக்கும் ஏரி, வாய்க்கால்களையும் சேர்த்துக் கையாள அது இடம் தருகிறது. எனக்கு இதில் கவலை அதிகம். வாய்க்கால் திட்டத்துக்குள் போய்விட்டால் வெளியே மிஞ்சும் வயலும் தண்ணீரின்றிப் போகும். இந்தச் சட்டத்தில் அறிவிப்பு வந்தால், திட்டப் பகுதிக்குள் நிலம் இல்லாத கீழ்மடை விவசாயிகளும் கட்டாயம் கருத்துச் சொல்ல வேண்டும்.

டெல்டாவின் வேளாண் மண்டலம்: எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

எண்ணெய், எரிவாயு எடுப்பை எதிர்த்து நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017-ல் நடத்திய போராட்டங்களின் பலன், 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களும், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில வட்டாரங்களும் இதில் அடங்கும். எண்ணெய், எரிவாயு, மீத்தேன் துரப்பணம், இரும்பு, செம்பு, அலுமினிய உருக்காலைகள் புதிதாக வர முடியாது. திருச்சி, கரூர், அரியலூர் இதற்குள் இல்லை. சட்டம் வருமுன் நடந்துகொண்டிருந்த பணிகளை இது தொடாது. துறைமுகம், சாலை, குழாய்ப்பாதைக்கும் தடை இல்லை.

‘எங்க ஊரு பாதுகாக்கப்பட்ட மண்டலம்’ என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: செங்கல் சூளையும் மனைப்பிரிவும் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. டெல்டா மண் அன்றாடம் கரைவது அவற்றில்தான். 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகியவை மத்திய அரசின் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் வந்ததும், எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டதும், மாநிலச் சட்டம் இருந்தாலும் கண் அசரக் கூடாது என்பதைக் காட்டின.

கடலோர டெல்டாவுக்கு இன்னொரு கவசமும் உண்டு. இறால் குட்டைகளின் உப்பு பக்கத்து நெல் வயலில் இறங்குவதை எதிர்த்து, காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வேளாண் நிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பண்ணைகள் பதிவு பெற்றே நடக்க வேண்டும் என்றானது. பக்கத்தில் புதுக் குட்டை வெட்டினால் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த நிலத்தின் பழைய அடங்கலை எடுங்கள். நெல் என்று இருந்தால், பதிவே கொடுத்திருக்கக் கூடாது என்று ஆட்சியருக்கு எழுதலாம்.

கிராம சபையும் தீர்ப்பாயமும்

அரசமைப்பின் 11-ஆம் அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களில் முதலாவது வேளாண்மை. இரண்டாவதிலேயே மண்வளப் பாதுகாப்பும் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம சபைத் தீர்மானம் எல்லா அதிகாரியையும் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் ஊரே எதிர்த்தது என்பதற்கு அரசுப் பதிவேட்டில் ஏறிய சான்று அது. பொத்தாம்பொதுவாக எழுதாமல் இப்படி எழுதச் சொல்லுங்கள்:

“இவ்வூராட்சியின் கீழ்க்காணும் சர்வே எண்கள் பாசன நஞ்சை. இவற்றில் மண் வெட்டவோ நில உபயோகத்தை மாற்றவோ விண்ணப்பம் வந்தால் முடிவெடுக்குமுன் இக்கிராம சபையின் கருத்தைக் கேட்க வேண்டும். இத்தீர்மானத்தின் நகல் மாவட்ட ஆட்சியர், வேளாண் இணை இயக்குநர், கனிமவள உதவி இயக்குநர், நகர் ஊரமைப்பு அலுவலகம், சார்பதிவாளர் ஆகியோருக்கு அனுப்பப்படுகிறது.”

தீர்மானப் புத்தகத்தில் ஏறியதை அன்றே பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் 2008-ன் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் இதை ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கிறது. ஊராட்சித் தலைவர் தலைமையில் வேளாண் அலுவலர், கிராம அலுவலர், நெல் விவசாயிகளின் பிரதிநிதிகள் அடங்கிய குழு ஒவ்வோர் ஊரிலும் உண்டு. எந்தெந்த வயல் நெல்வயல் என்ற தரவுப் பட்டியலை அந்தக் குழுவே தயாரிக்கிறது. நிரப்பிய வயலைப் பழையபடி ஆக்க உத்தரவிட ஆட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது. 2018-ல் அதில் சில தளர்வுகள் புகுந்தன என்றாலும், வயல் பட்டியல் ஊரின் கையில் இருக்க வேண்டும் என்ற அடிப்படை நமக்கும் வேண்டியது. சட்டம் வரும்வரை காத்திருக்காமல் அப்படி ஒரு பட்டியலை உங்கள் ஊராட்சியே தயாரித்து, மேலே சொன்ன தீர்மானத்தோடு இணைக்கலாம்.

எல்லா மனுவும் வீணானால் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. தடை கேட்பதற்குப் பாதிப்பு தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம். தக்க காரணம் காட்டினால் கூடுதலாக அறுபது நாள். நிவாரணமும் சீரமைப்பும் கேட்பதற்கு ஐந்து ஆண்டு. இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய்தான் கட்டணம். விரைவுத் தபால் ரசீது, அடங்கல் நகல், மண்வள அட்டை, தேதியிட்ட படங்கள், கிராம சபைத் தீர்மானம் ஆகியவற்றை வரிசையாக இணையுங்கள். மனுவில் அபராதத்தோடு நிற்காமல், வெட்டிய பள்ளத்தை வெட்டியவர் செலவிலேயே நிரப்பி மேலே வண்டல் பரப்பித் தர வேண்டும் என்றும், அதற்குப் பின் மண் பரிசோதனை செய்து அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்றும் தனித்தனிக் கோரிக்கையாகக் கேளுங்கள்.